போதகர் வீட்டுக் கொப்பிகளுக்கு ஒரு பூசை

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் எந்த 'ல' வரும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பிழை கண்ட இடத்தில் நீங்களே திருத்தி வாசியுங்கள். இதை எழுதச் சொன்ன அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் பிழை பிடிக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் தொடங்குகிறேன்.

நான் பிழைக்க வந்த நாட்டில், ஒனிஹங்கா என்ற ஊரில், ஒரு தேவாலயத்து மண்டபத்தைத் துப்புரவு செய்வதும் திறந்து பூட்டுவதும் என் வேலை. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அங்கே ஒரு போதகர் குடும்பத்தின் டயரிகளும் கொப்பிகளும் பெட்டி பெட்டியாக இருந்தன. அந்தப் போதகர் ஜேர்மன் பேசுகிறவர். மனைவி பிள்ளைகளோடு கப்பலில் வந்து, கடைசிவரை இந்தத் தேவாலயத்திலேயே இருந்தவர். அவருடைய கடைசி மகள்தான் நான் சொன்ன அம்மா. எண்பதைத் தாண்டியவர். வியாழக்கிழமைகளில் பாட்டனி டவுன்ஸிலிருந்து பஸ் மாறி மாறி வருவார்.

பெட்டிகளை நகரத்திலுள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுக்க அவரே சம்மதித்திருந்தார். கொடுக்க முதல் தாயின் கொப்பிகளை முழுக்க வாசித்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. காப்பகத்துக்குப் போனால் பூச்சி பார்த்து, பட்டியல் போட்டு, மறுபடி திறக்க வருஷக்கணக்காகும். அவருடைய கண் அதுவரை தாங்காது என்று டொக்டர் சொல்லியிருந்தார். தாயின் எழுத்தோ பழைய ஜேர்மன் எழுத்து. ஒரு பக்கம் வாசிக்கவே பூதக்கண்ணாடியோடு பத்து நிமிஷம் போகும்.

தகப்பனின் டயரிகளை முதல் வாரமே மூடி வைத்துவிட்டார். "மழை. பிரசங்கம். மழை. இதைத்தான் வாழ்நாள் முழுக்க எழுதியிருக்கிறார்," என்றார். தாய் அப்படியில்லை. கணவர் பிரசங்கம் செய்யும்போது யார் யார் தூங்கினார்கள் என்று ஞாயிறுக்கு ஞாயிறு எழுதி வைத்திருந்தார். பேக்கரிக்காரர் வாயைத் திறந்தபடி. தபால்காரரின் மனைவி தொப்பியை முகத்துக்கு இறக்கிவிட்டு, செபம் செய்கிறவர் மாதிரி. ஒரு ஞாயிறு போதகரே தன் பிரசங்கத்தின் நடுவில் கொட்டாவி விட்டிருக்கிறார். அதையும் விடவில்லை.

எனக்கு ஆட்களோடு கதைக்கக் கூச்சம். முதல் மாதம் முழுக்க "குட் மோர்னிங் மேடம்" மட்டும்தான். அறையைக் கூட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அவர் ஜேர்மனில் சத்தமாக வாசிப்பார், சிரிப்பார், பிறகு இங்கிலிஷில் சொல்வார். ஜேர்மன் எனக்கு ஒன்றும் விளங்காது, இங்கிலிஷ் பாதி விளங்கும். ஆனாலும் அவர் சிரிக்கும்போதே நானும் சிரித்துவிடுவேன். என் மனைவிக்கு இது பொறுக்கவில்லை. "இஞ்சேருங்கோ, வீட்டில வாயே திறக்கிறேல்ல. அங்க போய் ஆர் நித்திரை கொண்டதெண்டு கதை கேக்கிறியள்" என்பாள்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஒரு திங்கட்கிழமை அவர் திடீரென்று வந்து நின்றார். மறுநாள் காலை வான் வரும் என்று காப்பகத்திலிருந்து போன் வந்திருந்ததாம். அவருக்கு இன்னும் ஒரு கொப்பி மிச்சம். நான் அப்போது வேலியோரம் வெள்ளை லில்லிப் பூ வெட்டிக்கொண்டிருந்தேன். எதற்கென்று கேட்டார். நாளைக்கு சரஸ்வதி பூசை, புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் வைப்போம், வைத்தால் மறுநாள் வரைக்கும் ஒருவரும் தொடமாட்டோம் என்றேன்.

"ஒருவருமா?"

"ஒருவரும்."

"காப்பகத்து ஆட்களும்?"

அவர்களுக்கு விலக்கு உண்டென்று நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். அவர் என் கையிலிருந்த பூவை வாங்கி எண்ணெய் போட்ட கதவைப் போலச் சத்தமில்லாமல் சிரித்தார்.

மறுநாள் காலை நான் மண்டபத்தைத் திறக்க முதலே வாசலில் மேசைவிரிப்போடு நின்றார். நான் ஒடாஹுஹு மளிகைக்கடையில் கொடுத்த கலண்டரிலிருந்து சரஸ்வதி படத்தை வெட்டிக் கொண்டுவந்திருந்தேன். மனைவி கடலையும் அவலும் கட்டித் தந்திருந்தாள், விளையாட்டுக்குச் செய்யக்கூடாது, ஒழுங்காகச் செய்யவேண்டும் என்ற கண்டிப்போடு. விளக்கு கொளுத்தினால் நெருப்பு அலாரம் அடிக்கும், அதனால் பற்றரி மெழுகுதிரி. பெட்டிகளை அடுக்கி, எல்லாவற்றுக்கும் மேலே தாயின் கடைசிக் கொப்பியை வைத்தோம். மண்டபத்துத் தள்ளுவண்டிக்கும் சந்தனப்பொட்டு வைத்தேன். அவர் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அப்பா இருந்திருந்தால் மூன்று ஞாயிறு இதைப் பற்றியே பிரசங்கம் செய்திருப்பார்," என்றார். "அம்மாவுக்கு எழுத நிறையப் பேர் கிடைத்திருப்பார்கள்."

காப்பகத்திலிருந்து ஓர் இளம் பெண் வந்தாள். கூட ஒரு வான் சாரதி, நல்ல பருமனான, இந்தப் பக்கத்துத் தீவுக்காரர். போதகரின் மகள் தேவாலயத்தில் கதைக்கிற குரலில் விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் சாரதி சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து உண்மையா என்று கேட்டாள். உண்மைதானே, தலையாட்டினேன். முதலே விசாரிக்காதது தன் பிழை என்று எங்களிடம் மன்னிப்பும் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அப்படியென்றால் நாளை வரை இதை ஒருவரும் திறக்கப் போவதில்லை?"

"ஒருவரும் இல்லை," என்றேன்.

சொன்ன பிறகுதான் போதகரின் மகளின் முகத்தைப் பார்த்தேன். வாசிக்க ஒரு நாள் வாங்கியிருந்தார். வாங்கிய நாளில் வாசிக்க முடியாது.

வான் போனதும் கொப்பிக்குக் கை நீட்டினார். நான் குறுக்கே நின்றேன்.

"ஒரு பக்கம்?"

முடியாதென்று தலையை ஆட்டினேன்.

"நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்."

நான் படத்திலிருந்த சரஸ்வதியைக் காட்டினேன். அவர் சரஸ்வதியைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு குசினிக்குப் போய் என் மனைவி தந்த கடலை முழுவதையும் கோபத்தோடு சாப்பிட்டு முடித்தார்.

விஜயதசமியன்று காலை வான் திரும்ப வந்தது. அந்தப் பெண் பூவும் கொண்டுவந்திருந்தாள். இனி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்டாள். போதகரின் மகள் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களுக்கு முன்னால் வாயே திறக்காத நான் திறந்தேன்.

"இன்றைக்குப் பூசையில் வைத்ததை எடுத்து வாசிக்க வேண்டும். வாசித்த பிறகுதான் வேறு வேலை."

இதுவும் உண்மைதான்.

"எவ்வளவு வாசிக்க வேண்டும்?"

எங்கள் வீட்டில் நாலு வரி. என் மனைவி சமையல் புத்தகத்தில் நாலு வரி வாசித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

"முழுக்க," என்றேன். "மேலே இருக்கிற கொப்பி முழுக்க."

அன்றைக்கு நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சரஸ்வதி அதைப் பெரிதாக எடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

போதகரின் மகள் பூதக்கண்ணாடியை எடுத்து வாசிக்கத் தொடங்கினார். முதலில் அந்தப் பெண் மணிக்கூட்டைப் பார்த்தாள். பேக்கரிக்காரர் வந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தபால்காரரின் மனைவிக்கு என்னைவிடச் சத்தமாகச் சிரித்தாள். சாரதி அன்றைக்கும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தாண்டிக் கடைசிப் பக்கம் வந்தது. போதகர் ஓய்வு பெற்று, வேறொருவர் பிரசங்கம் செய்ய வந்த முதல் ஞாயிறு. அதை இங்கிலிஷில் எங்களுக்கு மெதுவாகச் சொன்னார்:

"புதிய போதகர். மற்றவர்கள் தூங்கினார்களோ தெரியாது. நான் தூங்கிவிட்டேன்."

இந்த முறை அவர் உடனே சிரிக்கவில்லை. கொப்பியை மூடி அதன்மேல் கையை வைத்திருந்துவிட்டு, பிறகு சிரித்தார். நாங்களும் அதற்குப் பிறகுதான் சிரித்தோம்.

"வாசித்தாயிற்று. அடுத்தது என்ன?" என்று என்னைக் கேட்டார்.

எழுத வேண்டும் என்றேன். உடனே அந்தப் பெண்ணின் பென்சிலை வாங்கி என் கையில் வைத்தார். "எழுதுங்கள். இன்றைக்கு யார் தூங்கினார்கள்?"

மூன்று பேரும் சுவர்ப்பக்கம் பார்த்தோம். அவர்கள் இருவரும் திரும்பி என் கையையே பார்த்தார்கள். வீட்டில் போய் எழுதுகிறேன் என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெட்டிகள் இன்னும் காப்பகத்தில் திறக்கப்படாமல்தான் இருக்கின்றன. அவருக்கு இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆனால் விஜயதசமிக்கு விஜயதசமி போன் எடுத்து, எழுதியாயிற்றா என்று கேட்பார். இன்னும் இல்லை மேடம் என்பேன். இன்று காலை, எழுதி முடித்ததும் போனில் வாசித்துக் காட்டச் சொன்னார், என் பாஷையிலேயே.

"உங்களுக்கு விளங்காதே," என்றேன்.

"நான் வாசித்தபோது உங்களுக்கு விளங்கியதா? சிரிக்கிற இடத்தில் நீங்கள் முதலில் சிரியுங்கள்."

ஆகவே எழுதுகிறேன். அன்றைக்கு வான் சாரதி தூங்கினார். சப்பாத்து பக்கத்தில், வாய் திறந்தபடி.

2 ஒக்டோபர் 2025, வியாழக்கிழமை, விஜயதசமி.