ஆணியில் இல்லாத பில்லை

முனிசிபாலிட்டிக்காரர்களைப் பற்றி அதுவரை நான் ஒரு நல்ல வார்த்தை பேசியதில்லை. தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், எங்கள் லைன் வீடுகளுக்குத் தண்ணீர் வராத நாளெல்லாம் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ராபர்ட்சன்பேட்டை ஆபீஸ் வரைக்கும் போய்ச் சண்டை போட்டவள் நான். பியூன்கள் என்னைத் தூரத்தில் கண்டாலே நழுவிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டரைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், அந்த மனிதர் லேசுப்பட்டவரா?

அறுபதுகளின் நடுவில் எங்கள் லைனில் கஞ்சா புகுந்துவிட்டிருந்தது. போலீஸ் வரும், நாலு பேரை அடிக்கும், போகும். மறுவாரம் பழைய கதைதான். என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போடும் மெஷின் ஓட்டுகிறவர். இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் முடிந்து மேலே வந்தால் வீட்டுக்கு வரமாட்டார். நேரே சயனைடு மேட்டுக்குப் போவார். தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக நின்ற மேடு அது. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிவந்த கண்ணோடு வந்து சேருவார். நான் திட்டுவேன். என் வாயைக் கேட்டு லைனே எழுந்து உட்காரும். அவர் மட்டும் ஒன்றும் கேளாதவர்போல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

என் பயமெல்லாம் வீட்டைப் பற்றித்தான். நாங்கள் இருந்த வீடு கம்பெனி வீடு. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டில் ஏறும்போது கஞ்சாவோடு பிடிபட்டால் வேலை போகும். வேலை போனால் வீடு போகும். மூன்று பிள்ளைகளோடும் சட்டி பானையோடும் நடுத்தெருவில் நிற்பதை நான் பகலிலேயே கனவு கண்டுகொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த இன்ஸ்பெக்டர் வந்தார். பங்காருபேட்டையிலிருந்து காலை ரயிலில், கையில் ஒரு குடையோடு வருவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எங்களோடு எங்கள் தமிழே பேசுவார். கஞ்சாவுக்கு ஏதாவது செய்தாகவேண்டும் என்று கவுன்சில் தீர்மானம் போட்டு அவர் தலையில் கட்டிவிட்டது. அவர் போலீசைக் கூப்பிடவில்லை. ஒரு மாதம் சயனைடு மேட்டு அடிவாரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, போகிற வருகிற ஆட்களிடம் எதற்காக இழுக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். எங்கள் லைனில் அதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. நான் என் வீட்டுக்காரரிடம் கேட்டதெல்லாம் வெட்கமாயில்லையா என்பதுதான்.

கிடைத்த பதிலில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எட்டு மணி நேரம் மெஷினைப் பிடித்துவிட்டு மேலே வந்தால் கை நடுக்கம் நிற்காது, காதுக்குள் சத்தம் அடங்காது. வீடு என்பது ஒரே அறை, அடுத்த வீட்டுக்கு நடுவில் வெறும் தட்டி. நம் பிள்ளைகள் சத்தம் போதாதென்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சத்தமும் அதன் வழியே வரும். பகலில் காலை நீட்டிப் படுக்க இடம் கிடையாது. கஞ்சா இழுத்தால் மேட்டு நிழலிலேயே தூக்கம் வருகிறது. அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டு, மாதம் ஒரு நாள் அம்மை குத்துவதற்கு மட்டும் திறக்கிற முனிசிபாலிட்டிக் கொட்டகையைச் சுத்தம் பண்ணவைத்தார். இருபது பாய் போட்டார். பின்புறம் ஒரு பெரிய வெந்நீர் அண்டா. ஷிப்ட் முடிந்து வருகிறவன் குளிக்கலாம், டீ குடிக்கலாம், சத்தமில்லாமல் தூங்கலாம். வெந்நீர் போட ஆள் வேண்டும் என்றபோது என்னையே வைத்தார். ஆபீசில் சிரித்தார்களாம். எத்தனையோ நாள் வந்து கத்தியிருக்கிறாளே, அவ்வளவு அக்கறை இருக்கிறவள் அடுப்பை அணையவிடமாட்டாள் என்று இவர் சொன்னாராம்.

பிறகு பில்லை வந்தது. சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே போகிறவனின் நம்பர் பொறித்த பித்தளைப் பில்லை டைம் ஆபீஸ் பலகையில் ஆணியில் தொங்கும். மேலே வந்ததும் அவன் எடுத்துக்கொள்வான். ஷிப்ட் முடிந்தும் ஒரு பில்லை தொங்கினால் ஒரு ஆள் உள்ளே இருக்கிறான் என்று பொருள். அவனைக் கண்டுபிடிக்காமல் மற்றவன் வீட்டுக்குப் போகமாட்டான். பாறை வெடித்து ஊரே அதிர்ந்த ஒருநாள், சின்னப் பெண்ணாக அந்தப் பலகை முன்னால் நின்று என் அப்பாவின் நம்பரைத் தேடியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் அதே முறையைக் கொட்டகையிலும் வைத்தார். பேர் கொடுத்த ஒவ்வொருவனுக்கும் ஒரு பில்லை; எல்லாவற்றையும் நான் ஒரு மணிக்கே ஆணியில் மாட்டிவிடவேண்டும். வருகிறவன் தன்னுடையதை எடுத்துப் பெட்டியில் போடுவான். நாலு மணிக்கு ஏதாவது தொங்கினால், அவன் ஷிப்ட்காரர்கள் இரண்டு பேர் போய்த் தேடவேண்டும்.

பில்லைக்குத் தனியாகச் செலவழிக்க முனிசிபாலிட்டிக்கு மனம் வருமா? நாய்க்கு லைசென்ஸ் கட்டினால் கழுத்தில் மாட்டக் கொடுக்கிற பித்தளைப் பில்லைகள் மிச்சம் கிடந்தன, அவற்றை அனுப்பிவிட்டார்கள். நாங்கள் நாயா என்று ஆட்கள் எழுந்து வெளியே போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு டீ குடித்தார். வாசலில் நின்றவர்கள் சிரித்தபடி உள்ளே வந்தார்கள். இங்கே யார் வருகிறார்கள் என்பது கம்பெனிக்குப் போகாது என்று அன்றைக்கு அவர் வாக்குக் கொடுத்தார். ஆட்கள் நம்பினார்கள். நான் நம்பவில்லை. ஆபீஸ்காரன் வாக்கு எத்தனை நாளைக்கு என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார். குளித்துவிட்டுக் குழந்தைபோல் தூங்குவார். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு நாள் பில்லை தொங்கியது. இரண்டு முறையும் ஆட்கள் எங்கள் வாசலுக்குப் போய், அவர் இருக்கிறாரா என்று பிள்ளைகளிடம் மரியாதையாகத்தான் கேட்டார்கள். ஆனால் தட்டிக்கு அந்தப் பக்கம் காதுகள் நீண்டன. இப்படி மூன்றாம் தடவையும் வந்தால் பேச்சு கம்பெனி வரை போகும், வீடு போகும் என்று பயந்தேன். மூன்றாம் தடவை பில்லை தொங்கியபோது, யாரும் பார்க்காத நேரம் அதை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டேன். எப்போதும்போல் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துவிடுவார் என்று நினைத்தேன்.

நாலரை மணிக்கு மழை பிடித்தது. அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. மேட்டு மண் சேறாகக் கரைந்து கொட்டகை வாசல் வரை வெள்ளையாக ஓடிவந்தது. தூங்கி எழுந்த ஒரு பெரியவர், பழைய மெஷின்காரர், பலகையைப் பார்த்து, "எல்லாரும் மேல வந்துட்டாங்க" என்றார். சுரங்க வாசலில் ஷிப்ட் முடிந்ததும் சொல்கிற பேச்சு அது. கையிலிருந்த செம்பை வைத்துவிட்டு, ஒரு பில்லை பொய், நான்தான் எடுத்தேன், என் வீட்டுக்காரர் மேட்டில் இருக்கிறார் என்று சொன்னேன்.

அந்த ஊரில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது. உள்ளே இருக்கிற ஆளை மேலே வந்ததாகக் காட்டுவது அவனை உயிரோடு புதைப்பதற்குச் சமம். யாராவது என்னை அறைந்திருந்தால் தேவலை என்றிருந்தது. பதினேழு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் இறங்கினார்கள். குடையை எறிந்துவிட்டு இன்ஸ்பெக்டரும் ஓடினார். பழைய மழை அறுத்துவைத்திருந்த பள்ளத்தில், கால் முறிந்து, மார்பு வரை சேற்றில் புதைந்து என் வீட்டுக்காரர் கிடந்தார். கையாலேயே தோண்டி எடுத்தார்கள்.

மறுநாள் பெட்டிச் சாவியை இன்ஸ்பெக்டர் மேசையில் வைத்துவிட்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் சாவியைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

"பில்லைய எடுத்தது நீம்மா. எடுக்கற அளவுக்குப் பயம் காட்டினது நானு. ஆளு தொலையறது மேட்டுல. நான் ஆளை அனுப்பிக்கினு இருந்தது உன் வாசலுக்கு."

அதையே அன்று மதியம் எல்லோர் முன்னாலும் சொன்னார். தப்பு என்னுடையது, இனி தேடுகிறவர்கள் வீட்டுக்குப் போகவேண்டாம், நேரே மேட்டுக்குப் போங்கள் என்றார். ஆபீசில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் தப்பு என்னுடையது என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

சொல்லி முடித்த கையோடு சுரங்கத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கால் முறிந்தவன் எதற்காக அங்கே போனான், இங்கே வருகிற கஞ்சாக்காரர்களின் பெயர்ப் பட்டியலைக் கொடுங்கள் என்றார். நான் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று, இங்கே குளிக்க வருகிறவர்கள்தான் இருக்கிறார்கள், அந்தப் பட்டியல் வெளியே போகாது என்றார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்று அதிகாரி குரலை உயர்த்தினார்.

"எழுதுங்க சார். எம் பேரை மட்டும் எழுதுங்க."

ஜீப் போனபிறகு நான் அவருக்கு டீ கொடுத்தேன். கிளாசை வாங்கியவர் குடிக்காமல் ஜீப் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், வேலை புதிது. நம்பாமல் போனேனே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். எங்கள் வீடும் வேலையும் நிலைத்தன. கம்பெனி என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்துக்கு மேலேயே ஒரு லேசான வேலை கொடுத்தது. அதன்பிறகு அவர் கஞ்சாவைத் தொடவில்லை. அதற்குக் கொட்டகை ஒரு காரணம். இன்னொன்று, ஜீப் வந்துபோன அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் நடந்தது.

நான் போனபோது என் வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் பேசுமுன் அவரே பேசினார்.

"மழைக்கு முன்னாடியே வுழுந்துட்டேன், ரெண்டு மணி நேரம் கத்தினேன். ஒருத்தனும் வரல. போனா போறான்னு வுட்டுட்டாங்க."

என்னைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் இனி அந்தக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று தெரிந்தது. பில்லையை எடுத்தது நான், அதனால்தான் யாரும் கிளம்பவில்லை, நான் சொன்ன நிமிஷம் பதினேழு பேரும் ஓடிவந்தார்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கையை ஓங்குவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கண்ணில் கோபம் துளியும் இல்லை.

"அப்போ தேடியிருப்பாங்க," என்றார். "நீ எடுக்காம இருந்தா தேடியிருப்பாங்க, இல்ல?"