மருந்து காயும் இடத்தில் என் ஸ்கூட்டர்

பட்டாசு ஆலைக்குள் கைபேசியோ ஓடும் வண்டியோ வரக்கூடாது. பின்வாசல் பூட்டியிருக்க வேண்டும். இது விதி. தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையில் பணியில் இருந்தபோது இதை வலியுறுத்தி எத்தனையோ கடிதங்கள் எழுதியிருக்கிறேன். போன மாசியில் அதை மீறியவனும் நானே.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு மனைவியுடன் ஸ்கூட்டரில் போனேன். வழியில் பாலம் வேலை நடப்பதைக் கைபேசி வரைபடம் முன்பே சொல்லி, அரைமணி நேரத்தை மிச்சப்படுத்தியது. அந்தக் குஷியில், அடுத்து அது காட்டிய மண்பாதையிலும் இறங்கினேன்.

"யாரையாவது கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"செயற்கைக்கோளைவிட அவுகளுக்குத் தெரியுமாக்கும்!" என்றேன்.

திறந்து கிடந்த ஒரு கேட்டைத் தாண்டியதும், வெயிலில் வரிசையாகத் தட்டுகள். அவற்றில் ஏதோ கருப்பாகக் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் கைகளை விரித்தபடி ஓடிவந்தார்.

"ஐயா, வண்டிய அமத்துங்க! வெடிமருந்து காயுது! போனையும் அமத்துங்க. எங்க அம்புட்டுப் பேரையும் மேல அனுப்பிருவீக போலருக்கே!"

இரண்டையும் அணைத்தேன். நான்கு பெண்கள் வண்டியைப் பின்னோக்கியே தள்ளி வெளியே கொண்டுவந்து விட்டார்கள்.

"செயற்கைக்கோள் இப்ப என்ன சொல்லுது?" என்றாள் மனைவி.

அன்றே ஆலைக்கும் வரைபட நிறுவனத்துக்கும் எழுதினேன். மறுநாளே ஆலையின் பின்வாசலில் பூட்டு தொங்கியது. இப்போதெல்லாம் தார்ச்சாலைவரைதான் வரைபடம். மண்பாதை வந்தால் கைபேசியை அணைத்துவிட்டு ஆளைக் கேட்கிறேன்.

பாதையை நீக்கிவிட்டதாக வரைபட நிறுவனத்தின் பதில் வந்தது, ஆனி இருபதாம் தேதி.