அண்ணனின் தாராள மனசு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது என் அண்ணன் திடீரென்று வள்ளலாகிவிட்டான். அதுவரை அவனுடைய காம்பஸ் பெட்டியைத் தொட்டாலே தலையில் குட்டு விழும். அந்தப் பெட்டியை ஒரு வியாழக்கிழமை அவனே கொண்டுவந்து என் பையில் வைத்தான். மறுநாள் கிரிக்கெட் மட்டை. சனிக்கிழமை காலையில் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினான். அப்பா பட்டாளத்தில் இருந்தபோது கேன்டீனில் வாங்கியது அது. கடைசி ஓட்டையில் மாட்டியும் முழங்கைவரை நழுவியதால், உள்ளே கைக்குட்டையை மடித்து வைத்து இறுக்கினான்.

“இனிமே இது ஒனக்குத்தான். யார்கிட்டயும் சொல்லாத. அம்மாவ நல்லா பாத்துக்கிடணும், என்ன?” என்றான்.

அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்கு ஒரு கடிகாரம் கிடைக்கிறதென்றால் லாபம்தான் என்று தலையாட்டினேன்.

அண்ணன் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவை வரச்சொல்லி, மூன்று வாரமாகப் பையன் வகுப்புக்கே வரவில்லை என்று சொல்லியிருந்தார்கள். தினமும் சீருடை போட்டு, சோற்று டப்பாவோடு கிளம்பிப் போனவன் எங்கே போனான் என்று அப்பா கேட்டார். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் சும்மா உட்கார்ந்திருந்ததாகச் சொன்னான். சினிமா, சிகரெட் என்று ஏதாவது சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். சும்மா உட்கார்ந்திருப்பது அவருக்குப் புரியவில்லை. அன்றிலிருந்து அவனோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் மறுபடி பள்ளிக்கூடம் போனான். சோறு பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வந்தது. ஆனால் அந்த வாரம் மட்டும் அவன் முகம் தெளிவாக இருந்தது. “புள்ள ஒருவழியா சரியாயிட்டான்” என்று அம்மா நிம்மதிப்பட்டாள்.

அந்தச் சனிக்கிழமை அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அங்கே அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, தேரடிக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தாள். எனக்குப் பாவாடை சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டும். அண்ணன் படிக்க வேண்டுமென்று வீட்டிலேயே இருந்துகொண்டான்.

அத்தை கை அளவு எடுக்க என் சட்டைக் கையை மேலே தள்ளியபோது கடிகாரம் வெளியே வந்தது.

“ஏட்டி, இது ஒங்கண்ணனோடதுல்லா?”

ரகசியம்தான். ஆனால் அத்தையிடம் பீற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. காம்பஸ் பெட்டி, மட்டை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதையும் சொன்னேன். அத்தை டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு என் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

“எப்பச் சொன்னான்?”

“இன்னிக்குக் காலைல.”

அத்தை எழுந்து மிஷினின் சுவிட்சை அணைத்தாள். “மதினி, கெளம்புங்க” என்றாள். அம்மா ஏனென்று கேட்டாள். “பஸ்ல சொல்லுதேன்.” வேலை செய்துகொண்டிருந்த பெண்ணிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். தேரடியில் பால்கோவா வாங்கித் தருவதாக அம்மா சொல்லியிருந்தாள். அதை நினைவுபடுத்தினேன். யாருக்கும் காது கேட்கவில்லை.

பஸ்ஸில் அத்தை அம்மாவின் காதோடு ஏதோ சொன்னாள். அம்மா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை. அத்தை முதலில் அப்பா செக்யூரிட்டியாக இருந்த மில்லுக்குப் போன் போட்டாள். அப்பா ரவுண்டு போயிருக்கிறார், வந்ததும் சொல்கிறோம் என்றார்கள். பிறகு எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

“மணி என்னட்டி?”

“பன்னெண்டு பத்து.”

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. ஒரு கிழவர் இறங்குவதற்குள் இரண்டு நிமிடம் ஆனது. அத்தை மறுபடி மணி கேட்டாள். கடிகாரம் கட்டிய பெருமையில் நொடி முள்ளையும் சேர்த்துச் சொன்னேன். மூன்றாவது தடவை பக்கத்து வீட்டு அம்மா போனை எடுத்தார்.

“எங்கண்ணன் வீட்டுக்குப் போயி பையன் இருக்கானா பாருங்க. வெவரம் பொறவு சொல்லுதேன். போனை வைக்காதீங்க” என்றாள் அத்தை.

அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. மறுபடி தட்டும் சத்தம். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவசரத்தில் அதுதான் வந்தது.

“உன்னாடு, உன்னாடு.”

இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் தெருவில் அது எல்லோருக்கும் தெரியும். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். வீட்டில் இருக்கிறவன் இருக்கிறான் என்று சொன்னதற்கு எதற்கு அழுகை என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

“நாங்க வார வரைக்கும் அவன்கூடவே இருங்க” என்றாள் அத்தை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து வீட்டு அம்மா என்ன பேசுவதென்று தெரியாமல், தன் வீட்டுக் கரண்டு பில்லைக் கொண்டுவந்து அவனை வாசித்துக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து போனார். அத்தை அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் கதவோரம் நின்றேன். என்னை விரட்ட எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

“ஏலே, நேராவே கேக்கேன். செத்துப்போவோம்னு நெனைக்கியா?”

அம்மா பதறிவிட்டாள். “அந்த வார்த்தைய எதுக்குக் கேக்க?”

“கேட்டா ஒண்ணும் ஆயிராது மதினி. கொஞ்ச நேரம் சும்மா இருங்க.”

அண்ணன் தரையைப் பார்த்தான். “ஆமா” என்றான். பிறகு, “என்னால முடியல அத்த. எதுக்குன்னும் தெரியல” என்றான். அத்தை திட்டவில்லை, அழவில்லை, புத்தி சொல்லவில்லை. “எம்புட்டு நாளா?” என்று மட்டும் கேட்டாள். அவன் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வாசலில் பூட்ஸ் சத்தம். அப்பா யூனிபார்மோடு வந்து, அண்ணன் சொல்வதைக் கேட்டபடி நின்றார். அண்ணனுக்கு அடி விழப்போகிறது என்று நான் கதவை இறுகப் பிடித்துக்கொண்டேன். அத்தை எழுந்து அப்பாவுக்கு எதிரே நின்றாள். அப்பா அவளை விலக்கிவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“எல்லையில இருந்தப்ப எனக்கும் ஒரு வருசம் இப்பிடித்தான் இருந்துச்சு” என்றார். “கூட இருந்த கேரளாக்காரன் ஒருத்தன், சாகத் தோணுதான்னு நேராவே கேட்டான். கேட்டதோட விடல, டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போனான். ஒங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது.”

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் அப்பாவின் தோளில் முகத்தை வைத்து அழுதான். இரண்டு மாதத்தில் அவர்கள் பேசிக்கொண்டது அதுதான்.

அன்று சாயங்காலம் அத்தை, “இதெல்லாம் அவன் கண்ணுல படக்கூடாது மதினி” என்று எங்கள் வீட்டிலிருந்து எதை எதையோ ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எங்கள் பொருள்களை அத்தை ஏன் அள்ளிக்கொண்டு போகிறாள் என்று அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை அப்பா அண்ணனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மாத்திரை, மாதம் இரண்டு தடவை டாக்டர், பேச்சு என்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நடுவில் சில வாரம் மறுபடி மோசமாக இருந்தது. பரீட்சையை அடுத்த வருடம்தான் எழுதினான். அதுவரை வாரத்தில் சில நாள் பஸ்ஸில் போய் அத்தை கடையில் உட்கார்ந்து ஜாக்கெட்டுக்கு ஹூக் வைத்தான். அவன் வீட்டில் இருந்த நாட்களில் அப்பா மத்தியானம் மில்லிலிருந்து சைக்கிளை மிதித்து வந்து அவனோடு சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று நான் வகுப்பில் சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது அண்ணன் இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. முதலாவது பெண், குரல் கொஞ்சம் பெரியது.

ஆனால் அப்போது எனக்கிருந்த கவலை வேறு. யாரிடமும் சொல்லாதே என்றதை நான் சொல்லிவிட்டேன். அதனால்தான் அம்மா அழுதாள், அண்ணன் அழுதான், மருந்து தின்கிறான் என்று நம்பினேன். சில மாதம் கழித்து, அவன் கொஞ்சம் தேறியிருந்த சமயம், நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனபோது பின்னாலேயே வந்தான்.

“அத்தைகிட்ட நீதான சொன்ன?”

“நான் சொல்லல” என்றேன். சாமி சத்தியமாக என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “சரி” என்றான். கொடியில் மிச்சமிருந்த துணிகளை அவனே எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். நல்லவேளை, நம்பிவிட்டான், தப்பித்தோம் என்று நான் அங்கேயே நின்று மூச்சு விட்டேன்.