ஈரத்துணி

நான் வேலைக்குப் போகும் நாள்களில் மகனைச் சிட்னியின் கிரவீன் பகுதியில் ஓர் அன்ரியிடம் விடுவேன். தன் வீட்டிலேயே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர். இழுத்து முடிந்த கொண்டை, ஒட்ட நறுக்கிய நகங்கள், சிரிப்பே இல்லாத முகம். ஏப்ரலில் கோடைகால நேரம் முடிந்து சிட்னி முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினாலும், அவர் வீட்டுச் சுவர் மணிக்கூடு மட்டும் உடனே மாறாது. பிள்ளைகளின் நித்திரையோடு சேர்த்து, முள்ளையும் நாளுக்குக் கொஞ்சமாகத்தான் நகர்த்துவார்.

என் வேலையிடத்தில் புதிய நேரம், அவர் வீட்டில் பழைய நேரம். நான் போய்ச் சேரும்போதெல்லாம் அங்கே படுக்கை நேரம் தாண்டி, மகன் நித்திரையாகியிருந்தான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் வருமட்டும் அவனை நித்திரையாக்காதேங்கோ அன்ரி."

"அழுவான்."

"பரவாயில்லை."

"ஓம், அழப்போறது நீங்கள் இல்லைத்தானே."

அடுத்த நாள் நான் உள்ளே போனபோது, அவனை மடியில் நிமிர்த்தி வைத்து, இமை சரியச் சரியக் குளிர்ந்த ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் வீறிட்டு அழுதான்.

"காணும், விடுங்கோ!" என்று கத்தியபடி கைகளை நீட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பிறகு திரும்பி, துணி பிடித்திருந்த அதே மனுசியின் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"கூப்பிடுங்கோ," என்றார் அன்ரி. "முழிச்சுத்தான் இருக்கிறான்."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன். அந்தச் சிரிப்பை இன்றும் வெறுக்கிறேன். அந்தக் கழுத்தில் என் பிள்ளை என்னத்தைக் கண்டான் என்பதுதான் விளங்கவில்லை.