அறைக்குள் விடிந்த பொழுது

அம்மா போன பிறகு அப்பாவைத் தனியாக விட முடியாது என்று ஆனது. அண்ணன் குடும்பத்தோடு துபாயில் இருக்கிறான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் யார் வருவது என்ற பேச்சே எங்களுக்குள் எழவில்லை. வேலையை வீட்டிலிருந்தே பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு நான் சென்னையைவிட்டு, குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு சாப்பிட்டது மறந்துபோனது. தூக்கம் கலையும்போது பக்கத்தில் ஆள் இல்லையென்றால் சுவரைத் தடவிக்கொண்டே நின்று அழுவார். ஆகவே ஒரே அறையில் அவருக்குக் கட்டில், எனக்குக் கீழே பாய்.

நான் பார்க்கும் வேலை ஆஸ்திரேலியக்காரர்களுக்கானது. அவர்கள் ஆபீஸ் திறக்கும்போது நமக்கு மணி நாலரை. போனில் அலாரம் அடித்தால் அப்பா பதறி எழுந்து உட்காருவார். "யாருட்டி செத்துட்டா?" என்பார். அந்த நேரத்தில் போன் அடித்தால் அவருக்கு வேறு அர்த்தம் கிடையாது. சத்தத்தை நிறுத்தி, தலையணைக்கடியில் வைத்து அதிரவிட்டுப் பார்த்தேன். ஒரு நாள் அது தெரியாமலே தூங்கி, மீட்டிங்கில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் பெண்தான் ஒரு கடிகாரத்தைப் பற்றிச் சொன்னாள். இது சத்தம் போடாது. நாம் வைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்பிருந்தே அதிலுள்ள விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, சூரியன் உதிப்பதுபோல அறையை நிறைக்கும். முழிப்பு தானாக வந்துவிடும். ஆன்லைனில் வரவழைத்தேன். சாப்பாட்டுத் தட்டைப்போல வட்டமாக, வெள்ளையாக இருந்தது.

சாரல் காலம். பல நாட்களாக வெளியே வெயில் முகம் காட்டவில்லை. வானம் ஈரத்துணிபோல மலைமேல் கிடந்தது. கடிகாரம் வைத்த முதல் நாள், அறைக்குள் மட்டும் முதலில் செம்பருத்தி நிறம், பிறகு ஆரஞ்சு, பிறகு பளிச்சென்று மஞ்சள். ஓடு நனைகிற சத்தத்துக்குள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். இந்த வீட்டுக்கு வந்த பிறகு யாரும் கூப்பிடாமல் நான் விழித்தது அன்றுதான். சில நாட்கள் அப்படிச் சுகமாகப் போயின.

பிறகு ஒரு நாள் கண் திறந்தபோது அப்பா கட்டிலில் உட்கார்ந்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"விடிஞ்சிட்டு. சாரல் போடுது, அருவியில நல்லா தண்ணி விழும். நான் குளிச்சிட்டு வாரேன்."

வேலையில் இருந்த காலமெல்லாம், சாரல் தொடங்கிவிட்டால் அவர் விடியற்காலையில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டுத்தான் ஆபீஸ் போவார். எத்தனையோ மறந்த மனிதருக்கு அது மறக்கவில்லை.

"இன்னும் விடியலப்பா. இது விளக்கு."

நம்பவில்லை. கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினேன். கும்மிருட்டு. அவர் வெளியே பார்த்தார், திரும்பி அறையைப் பார்த்தார்.

"இங்கன விடிஞ்சிருக்கு, அங்கன விடியலயா? என்னட்டி பேசுத?"

கதவைச் சாத்திவிட்டு வந்து விளக்கை அணைத்தேன்.

அன்றிலிருந்து தினமும் இதே கதைதான். விளக்கை அணைத்துவிட்டால் மட்டும் போதுமா, விடிந்தது அவர் மனசில் அணையவில்லை. நான் லேப்டாப்பின் முன் உட்கார்ந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பேன். அவர் துண்டும் எண்ணெய் வழியும் நெற்றியுமாகப் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். சாவி என் இடுப்பில். "உள்ள போட்டுப் பூட்டுதியே, நான் என்ன களவா பண்ணினேன்?" என்று அவர் கேட்பது எனக்கு மட்டும் புரியும். மறுமுனையில் இருந்தவர்கள் வீட்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பூட்டியவள் நான்தான். ஆனால் அந்தக் கதவைத் தாண்டிப் போக எனக்கும் வழியில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒரு நாள் பின்கதவைப் பூட்ட மறந்திருக்கிறேன். பேச்சின் நடுவில் வீடு அமைதியாக இருப்பது உறைத்தது. எழுந்து பார்த்தால் அவர் இல்லை. மீட்டிங்கில் ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினேன். முனையில் டீக்கடைக்காரர் என்னைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"பதறாத தாயி. அண்ணாச்சி பஸ்ஸுக்குல்லா நிக்காவ."

சாரலில் நனைந்துகொண்டு, தோளில் துண்டோடு நின்றார் அப்பா. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"நீயும் வாரியா?"

கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர் எப்போதும்போல ஏறினார், நானும் ஏறினேன். கையில் காசுமில்லை, போனுமில்லை. பின்னால் ஓடிவந்த டீக்கடைக்காரர் ஜன்னல் வழியாக ஒரு நூறு ரூபாய் நோட்டைத் திணித்தார்.

அருவிக்கரையில் விளக்குகள் எரிந்தன. ஆண்கள் பக்கம் நான் போக முடியாது. தயங்கி நின்றபோது, வேட்டியை மடித்துக்கட்டிய ஒருவர் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பிடிச்சிக்கிடுதேன். நீங்க இங்கனயே நில்லுங்க" என்று அப்பாவின் கையை வாங்கிக்கொண்டார்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் தண்ணீருக்கடியில் கறுப்புத் தலைகள். அதில் நரைத்த தலை எது என்று தேடிக்கொண்டே இருந்தேன். நாலெட்டு நடந்தால் பெண்கள் பக்கம். தூவானம் முகத்தில் அடித்தது. சின்னப் பிள்ளையில் நான் குதித்துக் குதித்துக் குளித்த இடம். ஒரு நிமிஷம் போய் நின்றுவிட்டு வரலாம்தான். கண்ணை எடுக்கத்தான் பயமாக இருந்தது. மலைக்குப் பின்னால் வானம் சாம்பல் நிறமாக வெளுக்கத் தொடங்கியது. அதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை.

அப்பா நடுங்கிக்கொண்டே சிரித்தபடி வந்தார். தலையைத் துவட்டினேன்.

"நீ குளிக்கலியா?"

"இல்லப்பா."

"இம்புட்டுத் தூரம் வந்துட்டு யாராவது குளிக்காமப் போவாவளா?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

வீட்டில் நெட் போய்விட்டது என்று ஆபீஸில் சொன்னேன், நம்பினார்கள். கடிகாரத்தை ஆறரை மணிக்கு மாற்றி அப்பாவின் தலைமாட்டில் வைத்தேன். இருட்டாக இருக்கும்வரை அவர் எழுந்திருப்பதில்லை. எனக்கு அலாரமே தேவைப்படவில்லை. எப்போது கண்ணயர்ந்தாலும் நாலு மணிக்கு உடம்பு உதறிக்கொண்டு எழுந்துவிடுகிறது. இருட்டில் உட்கார்ந்து, அவர் மூச்சு சீராக வருகிறதா என்று கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டீக்கடைக்காரர் தன் பைக்கில் அப்பாவை அருவிக்குக் கூட்டிப்போகிறார். "நீ செத்த நேரம் உறங்கு தாயி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வீடு காலியாக இருக்கிறது. கதவு திறந்தே கிடக்கிறது. நான் பாயில் படுத்து, பைக் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.