ஊறவைத்த வெள்ளைக் கல்

எங்கள் வீட்டின் முன்சுவர் இரண்டு முறை கட்டப்பட்டது. முதல் முறை அது கெட்டுப்போனதற்கு அப்பாவின் தொழில் ஞானமே காரணம்.

ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து ஊர்களில் வீடு கட்டுகிறவர்கள் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவர் எழுப்பிய சுவரில் விரிசல் விட்டதில்லை என்று பேர். அந்தப் பேரில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கட்டட வேலைக்கென்றே டிப்ளமோ படித்துவிட்டு, திருப்பத்தூரில் ஒரு பொறியாளரிடம் வேலைபார்த்தாள். நான் நான்காம் வகுப்பு படித்தபோது எங்கள் கூரைவீட்டைப் பிரித்துவிட்டு நல்ல வீடு கட்டுவதென்று முடிவானது. செங்கல் வேண்டாம், ஆலையில் வார்த்துப் புதிதாக வந்திருக்கும் வெள்ளைக் கல்லில் கட்டலாம் என்றாள் அத்தை. கல் பெரிது, எடை குறைவு, மலைப்பாதையில் லாரி நடை பாதியாகிவிடும். அப்பா ஒரே ஒரு கல்லை வரவழைத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். நல்ல செங்கல் கணீரென்று பேசும். இது பூசணிக்காயைத் தட்டியதுபோல் முனகியது. ஆனாலும் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோது தங்கையைப் பிடிவாதமாகப் படிக்கவைத்தவர் அவர்தான். எனவே சரி என்று சொல்லிவிட்டார்.

கல் வந்து இறங்கிய ஞாயிறன்று அத்தை வந்து வேலையை விளக்கினாள். இந்தக் கல்லைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது, மேலாக ஈரம் காட்டினால் போதும். சிமென்ட் கலவை வேண்டாம், மூட்டையில் வரும் பசையைக் குழைத்து மெல்லிசாகத் தடவினால் போதும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னாள். அப்பா தலையாட்டினார். பக்கத்தில் நின்ற நானும் பெரிய மனுஷிபோல் தலையாட்டினேன். மறுநாள் வேலை இருந்ததால் அத்தை சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அப்பா தொட்டியில் தண்ணீர் நிரப்பினார். இருபது வருஷமாக ஊறாத கல்லை அவர் சுவரில் வைத்ததில்லை. "காஞ்ச கல்லு கலவைல கீற தண்ணியெல்லாம் குடிச்சிரும். அப்புறம் செவுரு எப்டி நிக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டார். வேலை அரைகுறையாகத் தெரிந்த ஆளாக இருந்தால் அத்தை சொன்னபடியே செய்துவிட்டுப் போயிருப்பார். கற்களோ முழுகாமல் மிதந்தன. அப்பா சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மேலே கருங்கல் வைத்து அமுக்கினார். கருங்கல் பொறுக்கிக் கொடுத்தது நான். எனக்கு ஒரே குஷி. பசையையும் அவர் நம்பவில்லை. அரை விரல் கனத்துக்குக் கலவையே போட்டு, தூக்குக்குண்டு பிடித்து, முதலில் முன்சுவரை அழகாகத்தான் கட்டினார்.

ஊறிய வெள்ளைக் கல் காயக் காயச் சுருங்கும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. ஒரு மாதத்தில் முன்சுவரில் படிக்கட்டுபோல விரிசல் இறங்கியது.

அத்தை மறுபடி வந்த அன்று வாசலில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நால்வரும் அந்த வருஷம் வீடு கட்டப் போகிறவர்கள். எதிர்வீட்டுக்காரர் விரிசலுக்குள் நகத்தை விட்டு நோண்டிக்கொண்டே, கலசப்பாக்கத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டிவரலாமா என்று மற்றவர்களிடம் கேட்டார். அப்பா காதில் விழாததுபோல் கலவை பூசும் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நான்கு வீடும் கைவிட்டுப்போனால் அந்த வருஷம் அவருக்கு வேலையில்லை. அவர் முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அத்தை சுவரைத் தடவிப் பார்த்தாள். தொட்டியையும் அதில் கிடந்த கருங்கற்களையும் பார்த்தாள். பிறகு அந்த நால்வரிடமும் திரும்பினாள்.

"எங்கண்ணன் மேல தப்பில்லீங்க. நாந்தான் ஊறவச்சிக் கட்டச் சொன்னேன். தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல அத்த, ஊறவெக்கக் கூடாதுன்னுதான நீ சொன்ன?" என்றேன்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் கரணையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொயந்தைக்கு இன்னா தெரியும், ஏதோ ஒளறுது" என்றாள் அத்தை, என் தலையைத் தடவியபடி. நால்வரும் சிரித்தார்கள். படித்த பெண் பேச்சைக் கேட்டு வீடு கட்டினால் இப்படித்தான் என்று எதிர்வீட்டுக்காரர் அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். அப்பா கழுவிய கரணையையே மறுபடியும் கழுவினார்.

மறுவாரம் அப்பா சுவரை இடித்து, புதுக் கல் இறக்கி, ஊறவைக்காமல் பசை தடவிக் கட்டினார். அது அந்த மழைக்காலத்தில் அசையவில்லை. அதைப் பார்த்துவிட்டு நால்வரும் வெள்ளைக் கல்லிலேயே கட்டச் சொல்லி அப்பாவிடம் வந்தார்கள். இன்றைக்கும் எங்கள் பக்கம் அந்த வேலைக்கு அவரைத்தான் தேடுகிறார்கள். ஊறவைக்கக் கூடாது என்பதை அவரே கண்டுபிடித்தார் என்பது ஊர்ப்பேச்சு. அத்தையிடம் மலையில் ஒருவரும் இதுவரை பிளான் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டதில்லை.

நான் பொங்கல்வரை அத்தையோடு பேசவில்லை. தான் பொய் சொன்னது போதாதென்று என்னையும் பொய்க்காரி ஆக்கிவிட்டாளே என்று அவ்வளவு கோபம். அவள் எனக்கென்று வாங்கிவந்த பென்சில் பெட்டியைத் தொடக்கூட இல்லை. அப்பாவின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு அவளை முறைப்பேன். அவர்மேல் கோபப்படலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.