எலுமிச்சம்பழம் பிழிந்த கேக்கு

ஒரகடம் கூட்டுரோட்டில் டீக்கடை வைத்து, ஓட்டு வீடு கட்டி, மகளைப் பத்தாவது வரை படிக்க வைத்தவர் நடேசன். ஒருத்தர் தயவும் கிடையாது. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதில்லை. ஆனால் பால் விஷயத்தில் அவரை ஏமாற்ற ஒரு பால்காரன் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும். விரலை முக்கி நகத்தில் விட்டுப் பார்த்தே, கலந்தது எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று சொல்லிவிடுவார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

எண்பத்து மூன்றில் மகள் செங்கமலத்தைப் பெண் பார்க்கப் படப்பையிலிருந்து வருவதாகச் சேதி. ஊரே சொஜ்ஜி பஜ்ஜி வைக்கும்போது நாமும் அதையே வைப்பதா என்று, கடைக்கு வேனில் வரும் பாக்கெட் கேக்கை ஒரு பெட்டி இறக்கிவிட்டார். பளபளக்கும் காகிதம், அதன் மேல் இங்கிலீஷ் எழுத்து. அப்புறம்தான் தரகர் சுப்பராயன் வந்து ஒன்றைக் காதில் போட்டார். மாப்பிள்ளையின் தாயார் கோவிந்தம்மா காசிக்குப் போய் வந்தவர். காசிக்குப் போனால் பிடித்தது ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் அல்லவா? கூடப் போனவர்கள் சாமர்த்தியமாகப் பாகற்காயை விட்டார்கள். அந்தம்மா பாலையே விட்டுவிட்டார். தயிர், மோர், நெய் எதுவும் தொடமாட்டார். முன்பு ஒரு வீட்டில் தேங்காய்ப்பால் என்று பொய் சொல்லிப் பாயசம் கொடுத்தார்களாம். அந்தச் சம்பந்தம் அங்கேயே முறிந்ததாம்.

கேக்கில் பால் உண்டா? வேன்காரன், டால்டாதான் போடுகிறார்கள் என்றான். அவன் பேச்சை நம்புகிற ஆளா நடேசன்? தன் தொழில் வழியிலேயே பார்த்துவிட்டார். ஒரு கேக்கை வெந்நீரில் கரைத்து, அடுப்பில் ஏற்றி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். பால் இருந்தால் திரியும். திரியவில்லை. மஞ்சள் கூழாகக் கொதித்தது, அவ்வளவுதான். கடையில் டீ குடித்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை கோவிந்தம்மா மகனோடு வந்து கூடத்துப் பாயில் உட்கார்ந்ததும், நடேசன் எலுமிச்சம்பழக் கதையை முழுசாகச் சொன்னார். தட்டு வந்தது. அந்தம்மா ஒரு துண்டைக் கையில் எடுத்தும்விட்டார். அந்த நேரம் பார்த்துச் செங்கமலம் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நடேசன் எழுந்து உள்ளே போனார். அடுத்த தட்டுக்குக் காகிதத்தைப் பிரிக்கும்போதுதான் எழுத்தைப் பார்த்திருக்கிறாள்.

"நைனா, பால் பவுடர்னு போட்டுக்கீது."

"நான் காய்ச்சிப் பார்த்தேன்டீ. திரியல."

"இல்லாதத இருக்குதுன்னு கம்பெனிக்காரன் எதுக்கு எழுதறான்? அவங்க வாயில வெக்கப் போறாங்க, போ நைனா."

சொன்னால் அதுவரை அளந்ததெல்லாம் காற்றில் போகும். சொல்லாவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் நடேசன் யார்? நேரே போய் அந்தம்மா கையிலிருந்த துண்டை வாங்கித் தட்டில் போட்டார்.

"இதுல பால் பவுடர் கீதுங்க. என் சோதனை தப்பு. எம் பொண்ணு படிச்சிப் பார்த்துச்சி."

சுப்பராயன் கூரையைப் பார்த்தார். கோவிந்தம்மா விரலைத் துடைத்துக்கொண்டு, போகிற வீட்டிலெல்லாம் துளியூண்டுதானே, சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வார்கள், கையிலிருந்து பிடுங்கினவர் நீங்கள் ஒருத்தர்தான் என்றார். பிறகு உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"படிச்ச பொண்ணு, வெளிய வாம்மா. உன்னப் பாக்கத்தானே வந்தோம். உங்கப்பனையே எவ்ளோ நேரம் பாத்துகினு இருக்கறது?"

கடுங்காப்பியும் அவித்த வேர்க்கடலையும் தீருமுன்னே தை மாசம் என்று பேசி முடித்தார்கள். கேக்கு முழுவதையும் மாப்பிள்ளைப் பையன் ஒருத்தனே தீர்த்தான்.